இரண்டாம் அவென்யூவின் யிட்டிஷ் அரங்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூயார்க்கில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் இரண்டாம் அவென்யூவும் பன்னிரண்டாம் தெருவும் சேரும் முனையில் உள்ள வில்லேஜ் ஈஸ்ட் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனோம். நான் திரையைப் பார்த்ததைவிடக் கூரையைப் பார்த்ததுதான் அதிகம். நடுவில் பெரிய ஆறுமுனை நட்சத்திரம், சுற்றிலும் மசூதியில் இருப்பதுபோன்ற வேலைப்பாடு. யூதர்களின் கோயிலாக இருந்ததோ என்று மகளிடம் கேட்டேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் நாடகம் நடந்த பழைய கொட்டகை என்றாள். ஒரு மொழியின் நாடக அரங்கைப் பாப்கார்ன் கடையாக்கிவிட்டார்களே என்று இருந்தது. அதன் கதையை எழுதுவீர்களா? அந்த நாடகம் இப்போது எங்காவது நடக்கிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

கோயிலோ என்று நீங்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூதர்கள் தங்கள் பெரிய தொழுகைக்கூடங்கள் பலவற்றை ஸ்பெயினை ஒருகாலத்தில் ஆண்ட முஸ்லிம்களின் மூரிஷ் பாணியில்தான் கட்டினார்கள். புடாபெஸ்டின் டோஹானி தெருக் கூடம் அப்படி. மன்ஹாட்டனிலேயே 1872இல் திறந்த சென்ட்ரல் சினகாகும் அப்படி. அந்தச் சாயலை நாடகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஹாரிசன் வைஸ்மன் என்ற கட்டடக் கலைஞரும், ஹங்கேரியில் பிறந்த ஓவியர் வில்லி போகனியும். பணம் போட்டவர் லூயிஸ் ஜாஃபே என்ற புரூக்ளின் வழக்கறிஞர். ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்த அரங்கை அவர் கட்டியது மாரிஸ் ஷ்வார்ட்ஸ் என்ற நடிகரின் குழுவுக்காக. அழுகையும் பாட்டும் கூத்துமாக ஓடிக்கொண்டிருந்த யிட்டிஷ் மேடையில் நல்ல இலக்கியத்தை நடித்துக் காட்டுவேன் என்று 1918இல் யிட்டிஷ் ஆர்ட் தியேட்டரைத் தொடங்கியவர் ஷ்வார்ட்ஸ்.

அடிக்கல்லை ஆப்ரஹாம் கோல்ட்ஃபாடனுக்குக் காணிக்கையாக்கினார்கள். 1876இல் ருமேனியாவின் யாஷ் நகரத்தில் ஒரு மதுக்கடைத் தோட்டத்தில் தொழில்முறை யிட்டிஷ் நாடகத்தைத் தொடங்கிவைத்தவர் அவர். 1908இல் நியூயார்க்கில் இறந்தபோது கையில் காசில்லை. ஆனால் சவ ஊர்வலத்தில் பல பத்தாயிரம் பேர் நடந்தார்கள். 1926 நவம்பர் 17 அன்று அரங்கம் திறந்ததும் அவருடைய ‘பத்தாவது கட்டளை’யோடுதான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த வருடம். இரண்டே வருடம் முன்னால், 1924இல், அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் போட்டுக் கிழக்கு ஐரோப்பியர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. 1880களிலிருந்து வந்து இறங்கிய இருபது லட்சம் யூதர்கள்தான் இந்த நாடகத்தின் பார்வையாளர்கள். புது ஆட்கள் வருவது நின்றுவிட்டது. இங்கேயே பிறந்த பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து வீட்டுக்கும் அதையே கொண்டுவந்துவிட்டார்கள். மிகச் சிறந்த கட்டடம் கிடைத்த நேரத்தில் கூட்டம் கரையத் தொடங்கியிருந்தது.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாடகங்கள் இரண்டாம் அவென்யூவுக்கு நகர்வதற்கு முன், பவரி தெருக் கொட்டகைகளில், வார இறுதியில்தான் பொதுமக்களுக்கு டிக்கெட். திங்கள் முதல் வியாழன் வரை ஆட்டத்தையே மொத்தமாகச் சங்கங்களுக்கு விற்றுவிடுவார்கள்: ஊர்க்காரர்கள் சங்கம், தொழிற்சங்கம், தர்ம அமைப்புகள். சங்கம் உறுப்பினர்களிடம் விற்றுத் தன் நிதிக்குப் பணம் சேர்க்கும். நாடகக் கம்பெனியின் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டால்தான். வெள்ளி இரவு சபாத், யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள், தொடங்கிவிடும். டிக்கெட் வாங்கி நாடகம் பார்ப்பதே ஆசாரத்துக்கு விரோதம். அதையெல்லாம் மறந்து வந்து உட்கார்ந்தவர்கள், பாத்திரத்துக்குத் தேவை என்று நடிகர் சுருட்டோடு மேடைக்கு வந்துவிட்டால் மட்டும் மேல்மாடியிலிருந்து ‘வெட்கம், வெட்கம், சபாத்தில் புகைக்கிறான்’ என்று கத்துவார்களாம். இந்த மனிதர்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஷ்வார்ட்ஸ் சில பருவங்களுக்குள் அந்த இடத்தைவிட்டுப் போனார். யிட்டிஷ் நடிகை மோலி பிகான் கொஞ்ச காலம் அங்கே நாடகம் நடத்தினார். 1932இல் ‘யோஷே கால்ப்’ நாடகத்தோடு ஷ்வார்ட்ஸ் திரும்பி வந்தார். அது பெரிய வெற்றி. ஆனாலும் அங்கேயே வேரூன்ற முடியவில்லை. 1940களின் நடுவில் யிட்டிஷ் குழுக்கள் ஏறக்குறைய வெளியேறிவிட்டன.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். 1953இலிருந்து ஃபீனிக்ஸ் தியேட்டர். பிராட்வேயின் பெரிய வணிக அரங்குகளுக்கு வெளியே நாடகம் போட்ட ஆஃப்-பிராட்வே இயக்கத்தின் முன்னோடிகளில் ஒன்று. அறுபதுகளில் கேயட்டி என்ற பெயரில் ஆடைகுறைப்பு நடனம். 1969இல் ஈடன் என்று பெயர் மாற்றி ‘ஓ! கல்கத்தா!’ (நம் கல்கத்தாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நிர்வாணத்துக்காகவே பேர்போன நாடகம்). 1972இல் ‘கிரீஸ்’ என்ற இசை நாடகம் நியூயார்க்கில் முதலில் மேடையேறியதும் இங்கேதான். 1988இல் மூடிவிட்டு, 1991இல் ஏழு திரைகளோடு சினிமாவாகத் திறந்தார்கள். கீழ்த்தளத்தையும் மேடைப் பகுதியையும் சிறு திரைகளாகத் தடுத்தார்கள். பழைய பால்கனி பெரிய அரங்கமாயிற்று. நீங்கள் நட்சத்திரத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதனால்தான். 1993இல் நகராட்சி வெளிப்புறத்தோடு உட்புறத்தையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. இனி முதலாளி நினைத்தால்கூட, அனுமதியில்லாமல் அந்தக் கூரையில் கைவைக்க முடியாது.

ஆகவே உங்கள் வருத்தத்தில் என்னால் பங்குகொள்ள முடியவில்லை. வாடகைக்கு வந்தவர்களை எல்லாம் உள்ளே விட்டதால்தான் அந்தக் கட்டடம் நின்றது. லண்டனில் யிட்டிஷ் நாடகம் செழித்த ஒயிட்சேப்பல் பெவிலியனுக்கு அப்படி யாரும் அமையவில்லை. பாழடைந்து கிடந்ததை அறுபதுகளில் இடித்துப்போட்டார்கள். பாப்கார்ன் விற்றுக் கூரையைக் காப்பாற்றியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

நாடகம் நடக்கிறதா என்று கேட்டீர்கள். நடக்கிறது. 1915இல் தொடங்கிய ஃபோக்ஸ்பீனே குழு நியூயார்க்கிலேயே இருக்கிறது. 2018இல் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ என்ற, யூத கிராமத்தைப் பற்றிய ஆங்கில இசை நாடகத்தை முழுக்க யிட்டிஷில் போட்டு, அதற்கு வந்த கூட்டத்தால் மறுவருடம் பெரிய அரங்குக்கு மாறினார்கள். ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் வசனம் எழுத்தில் ஓடும், அதனால் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஊர் திரும்புவதற்குள் அவர்களுடைய நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.