நடு என்ஜின் காரின் பின்பக்கம் ஏன் சுழல்கிறது?

கேள்வி: என்னிடம் 1986ஆம் ஆண்டின் டொயோட்டா எம்ஆர்2 கார் இருக்கிறது. ஆட்டோகிராஸில், அதாவது மைதானத்தில் நேரம் கணக்கிட்டு ஓட்டும் போட்டியில், கூம்புகளுக்கு இடையே வளைத்து ஓட்டும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று சுழன்றுவிடுகிறது. பின்புறம் தடிமனான ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாட்டி, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். முதல் யோசனை உங்கள் தொல்லையை நேரடியாகவே அதிகப்படுத்தும். ஒரு டயரின் மீது சுமை இரு மடங்கானால் அதன் பிடிப்பும் இரு மடங்காகிவிடுவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே வளைவில் உள் சக்கரத்தின் சுமை வெளிச் சக்கரத்துக்கு எந்த அளவுக்கு மாறுகிறதோ, அந்த அளவுக்கு அந்த இரண்டு டயர்களின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. பின்புறக் கம்பியைத் தடிமனாக்கினால் இந்த மாற்றத்தில் பெரும்பங்கைப் பின் சக்கரங்களே ஏற்க வேண்டியிருக்கும். முன் என்ஜின், முன் சக்கர இழுவை கொண்ட நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் வளைவில் நேராகவே போகப் பார்ப்பதால் அவற்றுக்கு இது நல்ல வைத்தியம். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் மெக்கானிக் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் காரில் பின்புறக் கம்பி இருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் அப்போதே தெரியும்.

காலை எடுக்கும்போது நடப்பது இதுதான்: சுமை முன்னே நகர்ந்து பின் டயர்கள் இலேசாகின்றன, அதே நேரத்தில் என்ஜினின் தடை அந்தப் பின் சக்கரங்களையே பின்னோக்கி இழுக்கிறது. சக்கரங்களைக் காரின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் இறுகி வெடித்திருந்தால், அந்த இழுப்பில் சக்கரங்களின் முன் விளிம்புகள் வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். அதாவது நீங்கள் திருப்பாமலேயே பின்பக்கம் தன்னைத் தானே திருப்பிக்கொள்கிறது. இந்தக் காரில் என்ஜினின் எடை நடுவே குவிந்திருப்பதால் அது எளிதாகத் திரும்பும். ஆனால் சுழலத் தொடங்கிவிட்டால் அதே வேகத்தில் சுழலும் என்பதால் ஸ்டியரிங்கால் பிடித்து நிறுத்த நேரம் கிடைப்பதில்லை.

எனவே செலவு செய்ய வேண்டிய முதல் இடம் புஷ்கள், பால் ஜாயின்ட்டுகள், ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த தூண்) மேல் மவுன்ட்டுகள், ஷாக் அப்சார்பர்கள் ஆகியவை. அசல் உறுப்புகள் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் அலமாரியிலிருந்து எடுத்துத் தரும்படி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம்.

அதன் பிறகே வீல் அலைன்மென்ட். பின் சக்கரங்களுக்கு மொத்தமாக 3 முதல் 4 மில்லிமீட்டர் டோ-இன் (சக்கரங்களின் முன் விளிம்புகள் உள்பக்கமாகத் திரும்பிய நிலை) வைத்துத் தொடங்குங்கள். இந்த ஒரு மாற்றம் மட்டுமே பாதிச் சிக்கலைத் தீர்க்கக்கூடும் என்பது என் கணிப்பு. முன்புறம் டோ பூஜ்யமாக இருக்கட்டும். கார் வளைவுக்குள் நுழையத் தயங்கினால் மட்டும் 1 மில்லிமீட்டர் வெளியே விடலாம். கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, முன்னே எதிர்மறையாக (மேல்பக்கம் உள்ளே சாயும்படி) 2 டிகிரி, பின்னே ஒன்றரை முதல் 2 டிகிரி என்ற அளவில் தொடங்கி, டயர் தேய்வதைப் பார்த்து மாற்றுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு நிகரான மூட்டை இல்லாமல் அளவெடுக்கும் கடைக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஸ்பிரிங் வெட்டுவதற்கு வருவோம். நான்கு சக்கரங்களிலும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார் இது. இத்தகைய காரை அதிகமாகத் தாழ்த்தினால் கீழ்க் கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து, உடல் சாயும்போது டயர் தரையோடு சரியாகப் பதியாமல் போகும். ஷாக்கின் ஓட்டமும் குறைந்து, முழுதும் அமுங்கிய நிலையில் பிடிப்பு திடீரென அறுந்துவிடும். தவிர, பெங்களூருவின் வேகத்தடைகளைத் தாண்டித்தான் நீங்கள் மைதானத்துக்குப் போக வேண்டும்.

1989இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்ஆர்2-வும் இப்படித் திடீரெனச் சுழல்வதாகப் பெயர் வாங்கியது. டொயோட்டா பின்னர் அதன் பின் சஸ்பென்ஷன் அமைப்பை மாற்றியதோடு, பின் டயர்களின் அகலத்தை 205 மில்லிமீட்டரிலிருந்து 225 ஆகக் கூட்டியது. உங்கள் காரின் நான்கு சக்கரங்களிலும் 185 மில்லிமீட்டர் அகலமுள்ள 185/60 ஆர்14 டயர்தான் வந்தது. புதிய கம்பிக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் வாங்கினால் பயன் அதிகம்.

கேள்வி: ஆட்டோகிராஸுக்கு டயரில் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும்?
– வாசகர், இந்திரா நகர், பெங்களூரு

பதில்: எல்லா காருக்கும் பொருந்தும் எண் கிடையாது. தயாரிப்பாளர் சொன்ன அளவில் தொடங்கி, டயரின் தோள்பட்டையில் (தரையைத் தொடும் பகுதி முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் விளிம்பு) சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டுங்கள். தரையோடு உரசி அந்தக் கோடு பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு; தோள்பட்டையிலேயே அழியாமல் நின்றால் அதிகம். ஒரு தடவைக்கு 2 பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சூடு ஏறியதால் அழுத்தம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வழுக்குகிறது என்பதற்காக முன் டயர்களின் காற்றைக் கெடுத்துச் சமன் செய்ய வேண்டாம். பின் டயர்களுக்கு உரிய அளவைத் தேடுங்கள். அழுத்தமானியைச் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கின் கருவியும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும்.