வாராந்திரப் பாடத் தாளுக்கு மாதம் 300 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் குடியாத்தம் அருகே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாரா வாரம் என்ன பாடம் நடக்கிறது என்றே தெரியவில்லை. நோட்டில் அதிகம் எழுதுவதும் இல்லை. மாதம் 300 ரூபாய் கட்டினால் ஒவ்வொரு வாரத்துப் பாடத்தையும் கேள்வித்தாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா? நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டில் பீடி சுற்றுகிறேன்.

பதில்: சேர வேண்டாம். அந்த 300 ரூபாய் கையிலேயே இருக்கட்டும்.

அவர் அனுப்பப்போகும் பாடம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. பள்ளியில் இலவசமாகக் கொடுத்த பாடநூல்தான் அது. மூன்று பருவத்துக்கும் தனித்தனிப் புத்தகம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், டிசம்பர் வரை இரண்டாவது, ஏப்ரல் வரை மூன்றாவது. புத்தகம் கிழிந்துபோனாலும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இதை நான்கு பக்கமாக வெட்டி 'வாரப் பாடம்' என்று விற்பவர்களை எனக்கு நன்றாகவே தெரியும். ஜூன் மாதம் பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுப்பார்கள், 'வாத்தியார் சொன்னார்' என்பார்கள், ஆறு மாதக் காசை முன்கூட்டியே கேட்பார்கள். வாத்தியாரே சொன்னதாக யாராவது வந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கவே கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பாடம்தான் படிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு உரிய நிலை மலர். அதே வகுப்பில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை அரும்பில் இருக்கும். பக்கத்தில் இருப்பவள் செய்யும் பயிற்சி வேறு, இவள் செய்வது வேறு. நோட்டு காலியாக இருப்பதற்கும் இது காரணமாக இருக்கலாம். நிறைய எழுத்து வேலை பயிற்சி நூலிலேயே முடிந்துவிடும், அதனால் பையில் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் மகள் மொட்டில் இருக்கும்போது அந்த ஆள் அனுப்பும் மலர் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் அவளுக்கு அழுகைதான் வரும். அவள் எந்த நிலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? வகுப்பு ஆசிரியருக்குத்தான் தெரியும்.

அதனால் ஆசிரியரிடமே கேளுங்கள். 'எப்படிப் படிக்கிறாள்?' என்று கேட்டால் 'நல்லாப் படிக்கிறா' என்று அனுப்பிவிடுவார்கள். 'தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, இந்த வாரம் எந்தப் பக்கம்?' என்று கேளுங்கள். இது உங்கள் உரிமை. பெற்றோரைத் தவறாமல் கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24ஆவது பிரிவில் இருக்கிறது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் செல்போனில் விவரம் ஏற்ற வேண்டியிருக்கிறது. மேலிடத்துக்கு வாராவாரம் கணக்குப் போகிறது. அதே விவரத்தைப் பெற்ற தாய்க்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க மட்டும் இந்தத் துறைக்கு இத்தனை வருடமாக வழி தெரியவில்லை!

வீட்டில் நீங்களே பார்க்கலாம், எட்டாவது படிப்பே தாராளம். பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்காரவைத்து, போன மாதம் நடத்திய பாடத்தில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காது இருந்தால் போதும். திக்காமல் படித்தால் சரி. கணக்குக்கு 402இல் 157ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 245 வந்தால் கவலை இல்லை. 355 என்று எழுதினால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிட்டாள் என்று அர்த்தம். திட்டாதீர்கள், அந்தத் தாளை அப்படியே மறுநாள் ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்கே தவறுகிறாள் என்று அதிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

கேட்டும் பதில் இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதவைத்துவிட்டு வாருங்கள். அதற்கும் அசையவில்லையா, குடியாத்தம் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.