வாசகர் கேள்வி: குறைந்த விலை ஹோண்டுராஸ் சுருட்டின் தரத்தை எப்படி அறிவது?

கேள்வி: நண்பர் ஒருவர் ஹோண்டுராஸ் நாட்டுச் சுருட்டுக் கட்டொன்றை எனக்குக் கொடுத்தார். பெட்டி இல்லை, கண்ணாடித்தாளில் சுற்றிய இருபது சுருட்டுகள். முதல் சுருட்டில் புகை இழுக்கவே வரவில்லை, ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணைந்தது, நாக்கிலும் கைப்புத் தங்கியது. விலைக்கேற்ற தரம் இவ்வளவுதானா?
- வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இப்போதே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எழுதிய மூன்று குறைகளும் ஈரம் ஏறிய சுருட்டில் சேர்ந்தே வருபவை. சுருட்டுக்கு உகந்த காற்று ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு. பினாங்கில் அது பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. திறந்து வைத்த அப்பளம் நமத்துப்போவதைப் போலவே புகையிலையும் நமத்து, உள்ளிலை உப்பிப் புகை செல்லும் வழியை அடைத்துவிடுவதால், தணல் சீராக ஏறாமல், நீராவி கலந்த கைப்பான புகையே வாய்க்கு வந்து சேர்கிறது. எனவே எஞ்சியவற்றைக் காற்றுப் புகாத பாத்திரத்தில், 65 விழுக்காட்டு ஈரப்பதப் பொதியுடன் (உள்ளே ஈரத்தை அந்த அளவில் நிறுத்தும் சிறு பை) மூன்று வாரம் வையுங்கள். ஈரத்தை அளக்க உள்ளே வைக்கும் ஈரமானி காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சமையல் உப்பில் சில சொட்டு நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, அதை மானியுடன் ஒரே டப்பாவில் இறுக மூடி ஓர் இரவு வைத்தால் மானி 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒரு சுருட்டைக் கையில் எடுத்து, பற்றவைக்கும் முனையான அடியிலிருந்து வாயில் வைக்கும் முனையான தலைவரை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் முடிச்சுப்போல் கெட்டியாக இருந்தால் அங்கே இழுப்பு அடைபடும். குழிந்தால் அங்கே இலை போதவில்லை, சூடாக எரியும். பின்பு அடி முனையை உற்றுப் பாருங்கள். நீண்ட இலைகள் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் நல்லது. தூள்தூளாகத் தெரிந்தால் அது நறுக்கிலை நிரப்பியது, விரைவில் எரியும், வாயில் துணுக்குகளும் வரும். குறைந்த விலைக்குப் பெரும்பாலும் காரணம் இதுவாகவோ, பெட்டி இல்லாமையாகவோ, மேலிலையின் நிறம் ஒன்றுக்கொன்று பொருந்தாமையாகவோ இருக்கும். பின்னிரண்டால் சுவைக்கு ஒரு குறையும் இல்லை. நிறம் மாறிய மேலிலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நல்ல சுருட்டை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

காரத்தையும் தரத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1962-இல் அமெரிக்கா கியூபா மீது வணிகத் தடை விதித்த பின்னர், கியூபப் புகையிலைக்காரர்கள் பலர் தங்கள் விதையையும் தொழிலையும் ஹோண்டுராஸுக்குக் கொண்டு சென்றனர். நிக்கராகுவா எல்லையை ஒட்டிய டான்லி நகரும், அதனருகிலுள்ள ஹமஸ்திரான் பள்ளத்தாக்கும் இன்றும் அத்தொழிலுக்குப் பேர் பெற்றவை. மண்வாசம், தோல் வாசம், மிளகின் உறைப்பு ஆகியன அந்நாட்டு இலையின் இயல்பு. அவை இருப்பதே சிறப்பாகாது, குறையுமாகாது. பார்க்க வேண்டியது பாடம், அதாவது இலை புளித்துப் பதமாகியிருப்பது. நம் திண்டுக்கல், உறையூர்ச் சுருட்டைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் 'இலை பாடமாகியிருக்கிறதா' என்றுதான் முதலில் கேட்பார்கள். குவித்து வைத்த இலை தன் சூட்டிலேயே புளித்து அமோனியாவை வெளியேற்றும் முன் அவசரப்பட்டுச் சுற்றினால், மூக்கை அரிக்கும் நெடியும் தொண்டைக் கமறலும் கடைசிவரை விடா. அதிக விலைச் சுருட்டிலும் இந்தக் குறையை நான் கண்டிருக்கிறேன்.

சோதிக்கும் நாளில் நாசி கண்டார் உண்ட கையோடு பற்றவைக்காதீர்கள். கறியின் காரம் அடங்க இரண்டு மணி நேரமாவது ஆகட்டும், அருகில் வெறும் தண்ணீர் போதும், தேத்தாரேக் வேண்டாம். தலையை வெட்டியதும், பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்து இலையின் இயல்பான சுவையை அறியுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அதற்கு மேல் இழுத்தால் எந்தச் சுருட்டும் சூடேறிக் கைக்கும், பழி அதன்மேல் விழும். புகையை வாயோடு நிறுத்துங்கள். அப்படி நிறுத்தினாலும் நிக்கோட்டின் ஏறும், வாய்ப்புற்றுநோய் அபாயமும் இருக்கிறது. அதை மறைத்து இந்தப் பதிலை எழுத எனக்கு மனமில்லை.

முதல் பகுதியில் எல்லாச் சுருட்டும் ஓரளவு நன்றாகவே இருக்கும். நடுப்பகுதியில் சுவை மாறுகிறதா, தணல் வளையம் தானாக நேராகிறதா என்று கவனியுங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்குதான் சுருட்டின் உண்மையைச் சொல்லும். அங்கே இனிப்பின் சாயல் சிறிதேனும் மிஞ்சினால் இலை நல்ல இலை. ஒன்றை வைத்து முடிவு செய்யாமல், வெவ்வேறு நாட்களில் மூன்றைப் புகைத்துக் குறித்து வையுங்கள். மூன்றும் ஒன்றுபோல் நன்றாக இருந்தால், அந்த விலைக்கு அக்கட்டு மிக நல்ல கட்டு.

கேள்வி: சுருட்டில் ஊசி குத்தியதுபோல் சிறு துளைகள் உள்ளன. புகைக்கலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவை புகையிலை வண்டு துளைத்தவை. அதன் முட்டை ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்கு மேல் பொரிக்கத் தொடங்கும். நம் வீடுகளின் வெப்பம் அதற்குப் போதும். துளை விழுந்தவற்றை எறிந்துவிட்டு, மற்றவற்றைக் காற்றுப் புகாத பையிலிட்டு உறைபெட்டியில் மூன்று நாள் வைத்து, பின்பு ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அதன் பிறகே வெளியே எடுங்கள். உறைபெட்டியிலிருந்து நேரே வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கக்கூடும்.