எடுத்து வளர்க்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

இலங்கையின் மலையகத்தில் பிள்ளைகளைத் தத்தாக எடுத்து வளர்ப்பவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்லும் நான் இரண்டு பிள்ளைகளை அப்படி வளர்த்தவள்; தோட்டக் குடும்பங்களுக்கு உளவளத்துணையாளராக இருப்பவள்.

ஹட்டன்: மகளைக் கைக்குழந்தையாக எடுத்தோம், அக்கா. இப்போது ஐந்து வயது. "சொல்லாதே, தெரிஞ்சா ஒட்டாது" என்கிறார் மாமியார். எப்போது சொல்வது?

இன்றைக்கே தொடங்குங்கள், தங்கச்சி. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ரகசியம் தங்காது. பக்கத்துக் காம்பராவில், அதாவது அறையில், இருமினால் நமக்குக் கேட்கும். உங்கள் வீட்டில் தொட்டில் கட்டிய கதை ஊருக்கே தெரியும். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தண்ணீர்ச் சண்டை வரும், யாரோ ஒருத்தி கோபத்தில் போட்டு உடைப்பாள். பிள்ளை வீட்டுக்கு வந்து "நீ ஏம்மா சொல்லல?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

ஒரே நாளில் உட்கார வைத்துச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. தலைவாரும்போது கதையாக வரட்டும்: "நீ இன்னொரு அம்மா வயித்துல பொறந்த. அவங்களால வளர்க்க முடியல. நாங்க உன்னைத் தேடி வந்தோம்." பெற்றவளைப் பற்றி ஒரு கெட்ட சொல்லும் வேண்டாம். "போட்டுட்டுப் போயிட்டா" என்றால், தான் போட்டுவிட்டுப் போகத்தக்கவள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். மாமியாருக்குப் பேத்தி கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். அந்தக் கதையை ஒருநாள் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

நாவலப்பிட்டி: சிறுவர் இல்லத்திலிருந்து ஏழு வயது மகனை அழைத்து வந்தோம். ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறான். விழுந்து அடிபட்டாலும் அழுவதில்லை.

எறும்பு மொய்த்த அந்த ரொட்டித் துண்டுக்காக அவனைத் திட்டாதீர்கள். அவன் வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் நாளைக்கும் சாப்பாடு உண்டு என்று அவனுக்கு இன்னும் உறுதியாகவில்லை. கட்டிலோரம் ஒரு பிஸ்கட் டின் வையுங்கள். "இது உன்னோடது, ராத்திரியும் எடுக்கலாம்" என்று சொல்லி, காலியாகக் காலியாக நிரப்புங்கள். பல மாதம் ஆகலாம்.

அழாதது எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. யாராவது வருவார்கள் என்று நம்பும் பிள்ளைதான் அழும். அவன் விழும்போதெல்லாம் நீங்களே ஓடிப்போய்த் தூக்குங்கள், முழங்காலைத் தடவிக் கொடுங்கள். பிறகு ஒரு காலம் அடம்பிடிப்பான், சாமானை எறிவான். நீங்களும் விட்டுவிடுவீர்களா என்று பார்க்கிறான். "ஹோமுக்கே அனுப்பிருவேன்" என்று விளையாட்டுக்கும் சொல்லிவிடாதீர்கள்.

தலவாக்கலை: மனைவி குழந்தைமேல் உயிரையே வைத்திருக்கிறாள். எனக்குப் பாசம் வரவில்லை, மிஸ். நான் பாவியா?

இல்லை, தம்பி. பெற்ற பிள்ளையிடமும் சிலருக்குப் பாசம் மெதுவாகத்தான் வருகிறது. இரவில் பால்மா கரைத்துக் கொடுப்பதை உங்கள் வேலையாக்கிக்கொள்ளுங்கள். சொந்தமாகப் பிறக்கவில்லையே என்ற துக்கத்தை மனைவியோடு ஒருநாளாவது பேசி அழுதிருக்கிறீர்களா? நம் ஆண்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள். தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு எடுத்து வளர்ப்பவர்களுக்கும் வரும்.

பண்டாரவளை: வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் அக்காவின் பிள்ளையை வாய்ப்பேச்சில் வாங்கி வளர்க்கிறேன். லீவில் வந்தால் "என் பிள்ளை" என்கிறாள்.

அவளும் அம்மாதான். பிள்ளை முன்னால் இழுபறி வேண்டாம். நிரந்தரமாக வளர்ப்பதென்றால் இருவரும் பேசி முடிவெடுத்து மாவட்ட நீதிமன்றம் போங்கள். 1941ஆம் ஆண்டின் பிள்ளைகளைத் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டப்படி பிள்ளை 14 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். 10 வயதைத் தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளைகள் விஷயத்தைக் கவனிக்கும் அரசாங்க நன்னடத்தை அலுவலரிடம் முதலில் பேசுங்கள். பிறப்புப் பதிவில் பெற்றோர் என்று உங்கள் பெயரையே பதிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது குற்றம்.

பதுளை: 1980களில் ஒரு குழந்தையை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்ததை அம்மா இப்போதுதான் சொன்னார். அழுதுகொண்டே இருக்கிறார்.

மகளே, "ஏன் கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து என்று கொண்டுபோகப்பட்டார்கள். வறுமையில் இருந்த தாய்மாரைத் தரகர்கள் தேடிப் பிடித்தார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று அந்த மோசடிகளை வெளியே கொண்டுவந்தது. சுவிஸ் அரசு 2020இல் வருத்தம் தெரிவித்தது. இவ்வளவு பெரிய அநியாயத்தை உங்கள் அம்மா தன் ஒருத்தியின் பாவமாகச் சுமந்திருக்கிறார். இதை அவருக்குச் சொல்லுங்கள்.

தேட விரும்பினால் அவரே முடிவெடுக்கட்டும். தாய் என்று வேறொருத்தி கையெழுத்திட்ட பத்திரங்கள் உண்டு. அதனால் பெயர் பொருந்தவில்லை என்று மனம் விட வேண்டாம், டிஎன்ஏ சோதனையில் சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. பிறந்த நாள், மச்சம், ஆஸ்பத்திரி என்று அவருக்கு ஞாபகம் உள்ளதை இப்போதே எழுதி வையுங்கள்.

மஸ்கெலியா ஆசிரியை: வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னேன். தத்துப்பிள்ளை ஒருத்தி வெறும் தாளைத் தந்தாள்.

"என்னை வளர்ப்பவர்கள்" என்று தலைப்பை மாற்றிக் கொடுங்கள், டீச்சர். தாய் சவூதியில் இருக்க அம்மாயியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) வளரும் பிள்ளைகளுக்கும் அது உதவும். பிறப்பு அத்தாட்சியில் உள்ளதை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டாம்.