ஜூரிப் பட்டியலில் உங்கள் தாத்தா பெயர் இருந்ததா?

கேள்வி: வெள்ளைக்காரன் ஆயிரம் கொடுமை செய்திருக்கலாம். ஆனால் நம் ஊர்ச் சாமானியர் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, 'இவன் குற்றவாளியா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டான். ஜூரியாக வந்து உட்காருவது அன்று ஒவ்வொரு குடிமகனின் கடமை. நானாவதி என்ற ஒரு கடற்படை அதிகாரியின் வழக்கைச் சாக்காக வைத்து அதை நாமே ஒழித்துக்கட்டினோம். ஜூரியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நீங்கள் ஏன் எழுதக்கூடாது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பன்னிரண்டு பேர் இங்கிலாந்தில் உட்கார்ந்தவர்கள், ஐயா. நம் ஹைகோர்ட்டில் உட்கார்ந்தது ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் ஒரே குரலில் பேசவேண்டும் என்றும் இல்லை. ஆறு பேர் ஒரு பக்கம் நின்று, நீதிபதியும் தலையசைத்தால் முடிந்தது. ஜில்லா செஷன்ஸ் கோர்ட்டில் எத்தனை பேர் என்பதை மாகாண அரசு முடிவு செய்தது. ஒற்றைப்படை எண்ணாக இருக்கவேண்டும், ஒன்பதைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். சென்னை மாகாணத்து ஜில்லாக்களில் கொலை வழக்குக்கு ஜூரி உட்காருவதே அபூர்வம். 'அஸெஸர்' என்று இரண்டு மூன்று பேரை அழைத்து அபிப்பிராயம் கேட்பார்கள். அவர்கள் 'நிரபராதி' என்று சொன்னாலும் நீதிபதி தூக்குத்தண்டனை எழுதலாம். உங்கள் கும்பகோணத்தில் 1910இல் ஒருவன் கொலைக்குற்றம் சாட்டப்பட்டிருந்தால் அவன் தலைவிதியை ஊர்க்காரர்கள் தீர்மானித்திருப்பார்கள் என்று நீங்கள் நினைப்பது ஆசை. வரலாறு வேறு.

அடுத்து, 'ஒவ்வொரு குடிமகன்'. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஜில்லாவில் வசிக்கும் 21 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் எல்லாரும் ஜூரியாகவோ அஸெஸராகவோ வரக் கடமைப்பட்டவர்கள் என்று தாராளமாகத்தான் ஆரம்பிக்கிறது. 'ஆண்கள்' என்ற சொல்லிலேயே ஊரில் பாதி போய்விட்டது. மிச்சமுள்ள பாதியிலும் உடனே விலக்குகள் வந்துவிடுகின்றன: கலெக்டருக்கு மேற்பட்ட அதிகாரிகள், சம்பளம் வாங்கும் நீதிபதிகள், போலீஸ்காரர்கள், ராணுவத்தார், பூசாரி முதல் பாதிரி வரை மதத்தொண்டு செய்கிறவர்கள், வைத்தியம் பார்க்கிறவர்கள், வக்கீல்கள், தபால் தந்தி ஊழியர்கள். சம்மன் வந்தும் தக்க காரணமின்றி வராதவருக்கு 100 ரூபாய் வரை அபராதம். கட்டாவிட்டால் 15 நாள் சிவில் ஜெயில். அந்தக் காலத்து 100 ரூபாய், பல குமாஸ்தாக்களின் பல மாதச் சம்பளம்.

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, கடமைதானே' என்பீர்கள். அவசரப்படாதீர்கள், அடுத்த பிரிவு இருக்கிறது. செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும் சேர்ந்து பட்டியல் தயாரிப்பார்கள். யாரை? படிப்பாலும் நடத்தையாலும் தகுதி உள்ளவர் என்று அவர்கள் இருவருக்கும் யாரைத் தோன்றுகிறதோ, அவர்களை. 1901 மக்கள்தொகைக் கணக்கில், இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. குடியானவனை விலக்கவேண்டும், பண்ணையாளை விலக்கவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட எழுதத் தேவைப்படவில்லை. 'படிப்பு', 'நடத்தை' என்ற இரண்டு சொற்களே வாசலில் காவலுக்கு நின்றுகொண்டன.

அந்தப் பட்டியலை ஒரு நிமிடம் கற்பனையில் கையில் எடுங்கள். கலெக்டர் அலுவலகத்திலும் கோர்ட்டுச் சுவரிலும் ஒட்டப்படும். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அகர வரிசையில் பெயர், குடியிருப்பு, தொழில் அல்லது அந்தஸ்து. இவற்றோடு சட்டம் கேட்கும் இன்னொரு தகவலும் உண்டு: ஆள் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருந்தால் அவருடைய இனத்தைக் குறிக்கவேண்டும். முதலியாரோ ராவுத்தரோ நாடாரோ, அவர்களுக்கு இனம் குறிக்க அவசியமில்லை. வெள்ளைத் தோலுக்கு மட்டும் தனிக்குறிப்பு.

எதற்கு அந்தக் குறிப்பு? 1883இல் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் இல்பர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். மாவட்டங்களில் பதவியிலிருக்கும் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர்களை விசாரிக்கலாம் என்பதே அதன் சாரம். கல்கத்தாவிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் வரை வெள்ளையர்கள் கொதித்துப்போனார்கள். வைஸ்ராய் ரிப்பன் பின்வாங்கினார். 1884இல் நிறைவேறிய சமரசச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? இந்திய நீதிபதி விசாரிக்கட்டும். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியர் ஜூரி கேட்கலாம், அதில் பாதிக்குக் குறையாதவர்கள் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கவேண்டும். அமெரிக்கர் எங்கே வந்தார் என்று சிரிக்காதீர்கள். அஸ்ஸாம் தோட்டத்துத் துரை கூலியை அடித்துக் கொன்றால், அந்தத் துரைக்கு 'சமமானவர்' பக்கத்து ஊர் இந்தியர் அல்ல, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய அமெரிக்க வியாபாரி. இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் ஜூரியில் ஒரே மாதிரியான உரிமை என்று சட்டத்தைத் திருத்த 1923 ஆகிவிட்டது.

இந்த வியாதி 1884இல் தொடங்கியதும் அல்ல. சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் இந்தியரும் ஜூரியாகலாம் என்று 1826இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது. கூடவே ஒரு வால்: வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முதலில் முடிவு செய்யும் கிராண்ட் ஜூரியில் கிறிஸ்தவர்கள் மட்டுமே இருக்கலாம், கிறிஸ்தவர் ஒருவர் கூண்டில் நின்றால் விசாரிக்கும் ஜூரியிலும் கிறிஸ்தவர்கள் மட்டுமே. அதாவது இந்துவையும் முஸ்லிமையும் கிறிஸ்தவர் விசாரிக்கலாம், கிறிஸ்தவரை மற்றவர் தொடக்கூடாது. ராம்மோகன் ராய் கொதித்ததற்குக் காரணம் இதுதான். அந்த வாலை நறுக்க 1832 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இன்னும் பின்னால் போனால் நம் சென்னைக்கே வருவோம். இந்தியாவில் ஆங்கிலேய முறையில் நடந்த முதல் ஜூரி விசாரணை என்று சொல்லப்படுவது 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்தது. அஸென்ஷியா டாஸ் என்ற பெண், தன் அடிமைச் சிறுமியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. பன்னிரண்டு பேர் ஜூரி. (ஆமாம், உங்கள் பன்னிரண்டு! இங்கே இருந்தார்கள்.) ஆறு ஆங்கிலேயர், ஆறு போர்த்துக்கீசியர். முதலில் கொலை நடந்தது உண்மை, ஆனால் குற்றச்சாட்டில் சொன்ன விதத்தில் அல்ல என்று குழப்பமாக ஏதோ சொன்னார்கள். கடைசியில் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். கவர்னர் பாக்ஸ்கிராப்ட், சட்டம் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்புங்கள் என்று லண்டனுக்கு எழுதும் நிலை வந்தது. கோட்டைக்கு வெளியே ஒரு கூப்பிடு தூரத்தில் கறுப்பர் பட்டணம் நிறையத் தமிழரும் தெலுங்கரும் இருந்தார்கள். அந்தச் சிறுமிக்காகத் தீர்ப்புச் சொல்ல அவர்களில் ஒருவரைக்கூட யாரும் கூப்பிடவில்லை.

1908 ஜூலைக்கு வாருங்கள். 'கேசரி'யில் எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகர் பம்பாய் ஹைகோர்ட்டில் நிற்கிறார். கட்டுரைகள் மராத்தியில். அரசுத் தரப்பு, வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்களின் தனிப்பட்டியலிலிருந்து எடுக்கப்படும் ஸ்பெஷல் ஜூரி கேட்டது. திலகர் தரப்பு எதிர்த்தது. நீதிபதி தாவர் அரசுத் தரப்புக்கே சம்மதித்தார். இந்த தாவர்தான் 1897 வழக்கில் திலகரின் ஜாமீனுக்காக வாதாடிய வக்கீல் என்பது தனிக்கதை. ஒன்பது நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தவர்கள் ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள். திலகர் தானே வாதாடினார், நாள்கணக்கில். மொழிபெயர்ப்பு தவறு, மராத்தியில் இந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம் இல்லை என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து வைத்தார். யாரிடம்? ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர்களிடம். ஜூலை 22 இரவு தீர்ப்பு வந்தது: ஏழு பேர் 'குற்றவாளி', இரண்டு பேர் 'இல்லை'. பர்மாவின் மாண்டலே சிறையில் ஆறு ஆண்டு. ஏழுக்கு இரண்டு என்ற இந்தக் கணக்கை நாற்காலிகளைப் பார்த்த அன்றே போட்டிருக்கலாம்.

அதே ஜூலையில், பதினைந்து நாளுக்கு முன், திருநெல்வேலியில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள்தண்டனை கொடுத்திருந்தார், மொத்தம் 40 ஆண்டு. அங்கே ஜூரி கிடையாது. கலெக்டர் ஆஷ் கொலை வழக்கிலும் ஜூரி கிடையாது; ஹைகோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கொண்ட தனி பெஞ்ச். சாதகமான ஒன்பது பேர் கிடைக்கும் இடத்தில் ஜூரி, கிடைக்காத இடத்தில் நீதிபதி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வடிகட்டி எடுத்த அந்தப் பட்டியலில் இருந்தவர்கள்கூட ஆட்சியாளர்களுக்குச் சில சமயம் தலைவலி கொடுத்தார்கள். வங்காளத்து ஜூரிகள் கொலை வழக்குகளில் அரசு விரும்பியபடி தண்டிப்பதில்லை என்ற எரிச்சலில், 1892இல் அங்கே கொலை உள்ளிட்ட குற்றங்களை ஜூரியிடமிருந்து பிடுங்கினார்கள். ஊர் கொந்தளித்தது, அடுத்த ஆண்டே திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. ஆகவே ஜூரி முழுக்க வெறும் நாடகம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கேள்வியில் வரும் 'நம் ஊர்ச் சாமானியர்' அந்த மேடையில் ஏறவே இல்லை என்கிறேன்.

நானாவதி விஷயத்தையும் தீர்த்துவிடுவோம். மனைவியின் காதலனை அவர் சுட்டுக்கொன்றது 1959 ஏப்ரலில். ஜூரி முறை தோற்றுவிட்டது, எடுத்துவிடுங்கள் என்று சட்ட ஆணையம் பதினான்காவது அறிக்கையில் சொன்னது 1958இல். எட்டுக்கு ஒன்று என்று ஜூரி அவரை விடுவித்ததும், நீதிபதி ஒப்புக்கொள்ளாமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பியதும், பத்திரிகைகள் அவருக்காக முரசு கொட்டியதும் உண்மை. ஆனால் அதுவே கடைசி ஜூரி வழக்கு என்பது கட்டுக்கதை. அதற்குப் பிறகும் ஜூரிகள் உட்கார்ந்தார்கள். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோதுதான் கடையைக் கட்டினார்கள்.

ஜூரி இன்றும் உயிரோடு இருக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கைக்கு அதைக் கொண்டுபோனவர் தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டன், 1811 வாக்கில். பதின்மூன்று பேர் ஜூரி. அவரவர் சாதிக்காரரே அவரவரை விசாரிக்கும்படி சாதிவாரிப் பட்டியல். பின்னாளில் சாதி போய், ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மொழிவாரிப் பட்டியல் வந்தது. எந்தப் பட்டியலிலிருந்து ஜூரி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது குற்றம் சாட்டப்பட்டவர். 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட தமிழ் எம்.பி. ரவிராஜின் கொலை வழக்கு பத்தாண்டு கழித்து விசாரணைக்கு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் கேட்டது சிங்களம் பேசும் ஜூரி. 2016 டிசம்பரில் நள்ளிரவில் வந்த தீர்ப்பில் எல்லாரும் விடுதலை.

ஜூரியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எழுதமாட்டேன். முதலில் பட்டியலைக் காட்டச் சொல்லி எழுதுவேன். யார் தயாரிப்பது, யார் விடுபடுவது, தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு வாரம் கோர்ட்டில் உட்கார்ந்தால் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பதில் சொல்வது, சேரியிலிருந்து எத்தனை பெயர், பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் ஒரு திட்டம் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன், உங்கள் பெயரோடு.