செத்தாலும் நஷ்டமில்லாத வீரர்கள்

கேள்வி: ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு வீரம் இரத்தத்திலேயே ஊறியது. அதனால்தானே ஆங்கிலேயர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்தார்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தேடிப்பிடித்தது உண்மை. எப்போது, எப்படி என்றும் கேட்டிருக்கலாம்.

1746 ஏப்ரல் 16. ஸ்காட்லாந்தின் கலோடன் மேட்டில் பிரிட்டிஷ் அரசருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து நின்ற மலைநாட்டார் (அந்நாட்டு வடக்கு மலைப்பகுதி மக்கள்) முந்தைய நாள் தின்றது ஆளுக்கு ஒரு பிஸ்கட். இரவோடு இரவாக எதிரி முகாமைத் தாக்கக் கிளம்பி, விடிந்துவிடும் என்று பாதி வழியில் திரும்பியவர்கள். அந்தக் களைப்போடு வாளை உருவிக்கொண்டு சதுப்பு நிலத்தில் ஓடினார்கள், எதிரே பீரங்கி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் அரசர் தரப்புத் தளபதி கம்பர்லாந்து பிரபுவின் படை விட்டுவைக்கவில்லை. அந்தப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள் என்பதை உங்கள் 'இரத்த'க் கணக்கில் எங்கே எழுதுவீர்களோ!

அடுத்து வந்தது சட்டம். மலைநாட்டு ஆண்கள் தங்கள் உடையை உடுத்தினால் ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782 வரை இதுதான் நிலை. அரசரின் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பாட்டன் கட்டிய கில்ட்டை, அந்தக் கட்டம் போட்ட பாவாடையைக் கட்ட ஆசையா? வா, துப்பாக்கியைப் பிடி!

கலோடனில் அரசர் பக்கம் போரிட்ட ஜேம்ஸ் வுல்ஃப், இவர்களைப் படையில் சேர்க்கலாம் என்று 1751-இல் நண்பருக்கு எழுதினார். சொன்ன காரணங்கள்: உரம் பாய்ந்தவர்கள், அஞ்சாதவர்கள், செத்து விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை. 1759-இல் கனடாவில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கியூபெக்கைப் பிடிக்கப் போனபோது அவர் படையில் மலைநாட்டு ரெஜிமெண்ட் இருந்தது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. அதே கிளர்ச்சியில் பிடிபட்டு மன்னிப்பு பெற்ற மக்லவுட் பிரபு, 1777-இல் அதே அரச குடும்பத்துக்காக ஒரு பட்டாளம் திரட்டினார். 1780-இல் அது சென்னையில் வந்து இறங்கியது. அதன் ஒரு பகுதி அந்த செப்டம்பரிலேயே காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்புவின் படையிடம் சிக்கி நொறுங்கியது. பிழைத்தவர்களில் பலர் 1784 வரை சீரங்கப்பட்டணத்துச் சிறையில் விலங்கோடு கிடந்தார்கள்.

அவர்கள் துணிந்தவர்கள் இல்லை என்று யார் சொன்னது? துணிச்சலுக்குக் கூலி யாருக்குப் போனது என்று பாருங்கள். பறிமுதலான குடும்ப நிலம் 1784-இல் மக்லவுட் பிரபுவுக்குத் திரும்பக் கிடைத்தது. குடியானவனுக்கு? பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கொடுத்த அதே மலைநாட்டில், ஆடு வளர்த்தால் லாபம் என்று நிலப்பிரபுக்கள் குடிகளை விரட்டினார்கள். 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீட்டுக் கூரைகளுக்கே தீ வைத்தார்கள்.