ஆள் பலமநேரில், கடை குடியாத்தத்தில்: எந்த கோர்ட்டுக்குப் போவது?

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் வாசகர் கேட்கிறார்: "ஆந்திராவில் உள்ள பலமநேர் கடைக்காரர் ஒருவர் என் கடையில் 3,40,000 ரூபாய்க்குக் கடனாகச் சரக்கு எடுத்தார். கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. பலமநேரில் உள்ள தன் நிலத்தை விற்பதாக 2 லட்சம் அட்வான்ஸும் வாங்கினார். இப்போது கிரயம் செய்ய மறுக்கிறார். வழக்கு வந்தால் குடியாத்தம் கோர்ட்டில்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். போலீசில் கேட்டால் ஆந்திராவுக்குப் போகச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அங்கேதான் அலைய வேண்டுமா?"

வேண்டாம். நிலத்துக்கு மட்டும் போகத்தான் வேண்டும்.

முதலில் செக். 2015-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். கணக்கு குடியாத்தத்தில் என்றால் வழக்கும் குடியாத்தத்தில். போலீசே தேவையில்லை, வக்கீல் மூலம் நேரடியாகப் புகார் தாக்கல் செய்யலாம். செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அப்போதும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார்.

சரக்குப் பாக்கிக்குத் தனியாக சிவில் வழக்கும் போடலாம். சரக்கை உங்கள் கடையில்தானே கொடுத்தீர்கள்? வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி இங்கே நடந்திருந்தாலே போதும். ஆனால் தீர்ப்பு வாங்கிய பிறகு அவருடைய சொத்தை ஜப்தி செய்ய, டிகிரியை, அதாவது அந்தத் தீர்ப்பின் ஆணையை, பலமநேர் கோர்ட்டுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிலம் வேறு கதை. கிரயமும் சுவாதீனமும் கேட்டால், நிலம் இருக்கும் எல்லைக்குள் உள்ள கோர்ட்டில்தான் வழக்கு. இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் இல்லாத அதிகாரம் குடியாத்தம் கோர்ட்டுக்கு வந்துவிடாது. குர்கான் மனைக்கு டெல்லியில் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பலமநேர் 1911 வரை நம் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த ஊர்தான். இன்றும் கொள்வினை கொடுப்பினை குறையவில்லை. கோர்ட் எல்லை அதையெல்லாம் பார்க்காது. நிலம் வேண்டாம், அட்வான்ஸ் திரும்பினால் போதும் என்றால் அது வெறும் பண வழக்கு. ஒப்பந்தம் எழுதியதோ பணம் கொடுத்ததோ குடியாத்தத்தில் என்றால் இங்கேயே போடலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

போலீஸ் சொன்னது சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும்; ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். ஆனாலும் கடன் திரும்ப வரவில்லை என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. ஏமாற்றும் எண்ணம் முதல் நாளிலேயே இருந்ததென்று காட்ட வேண்டும். உங்கள் விவரத்தில் எனக்கு அது தெரியவில்லை.

இன்றே அந்த மெமோவின் தேதியைப் பாருங்கள். 30 நாள் கடந்திருந்தாலும், செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாமல் இருந்தால் மறுபடி வங்கியில் போடுங்கள். திரும்பினால் புது மெமோ வரும். நோட்டீஸுக்கான 30 நாளை அதிலிருந்து எண்ணலாம்.